எம்பெட் செய்த வீடியோவின் விளம்பரக் காசு யாருக்கு? யூடியூப் சேவை பற்றி ஒரு விமர்சனம்

கொழும்பிலிருந்து நடத்தப்படும் தமிழ்த் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித் தளம், கோயில் தளம், சமையல் குறிப்புத் தளம், ஓ/எல் வகுப்புத் தளம் என எதைத் திறந்தாலும் நடுவில் ஒரு யூடியூப் வீடியோ எம்பெட் ஆகியிருக்கும், அதாவது யூடியூப் தரும் கோடை ஒட்டி, வீடியோ அந்தப் பக்கத்திலேயே ஓடும்படி வைத்திருப்பார்கள். அதைத் தொட்டால் முதலில் ஒரு விளம்பரம் ஓடும். அந்த விளம்பரத்தின் காசு யாருக்குப் போகிறது என்பதில் தளம் நடத்துபவர்களிடமே குழப்பம் இருக்கிறது. “வீடியோ என் பக்கத்தில்தானே ஓடுகிறது, எனக்கும் ஒரு பங்கு வரவேண்டுமே” என்று எண்ணி, நாள் முழுக்க இந்தியத் தொலைக்காட்சிகளின் வீடியோக்களை ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருவது எதுவும் இல்லை.

பிளேயருக்குள் ஓடும் விளம்பரத்தின் நிகர வருமானத்தில் 55 சதவீதம் அந்த வீடியோவை ஏற்றிய சேனலுக்கு, 45 சதவீதம் யூடியூபுக்கு. ஒட்டிய தளத்துக்குப் பங்கே கிடையாது. யூடியூபிலேயே போய்ப் பார்த்தாலும் வேறொரு தளத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் சேனலின் பங்கு அதே 55தான். யூடியூப் தன் விளம்பரக் காசைச் சேனல்களோடு பங்கிடும் கூட்டாளர் திட்டத்தின் வாட்ச் பேஜ் (வீடியோ பார்க்கும் பக்கம்) ஒப்பந்தத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை நாங்கள் குறை சொல்லமாட்டோம். படம் பிடித்தவருக்கும் வெட்டி ஒட்டித் தொகுத்தவருக்கும் காசு போவதுதான் முறை. சேனலும் தளமும் ஒருவர் கையிலேயே இருந்தால் இது நல்ல சேவையும்கூட. வீடியோவைச் சொந்த சேர்வரில் வைத்தால் ஆகும் செலவு இல்லை, கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற வாசகருக்கும் தடங்கலின்றி ஓடுகிறது, அவர் உங்கள் தளத்தை விட்டு வெளியே போகாமலே சேனலுக்கு வருமானம் சேர்கிறது. ஆனால் விதிகள் நுணுக்கமானவை. தளத்தை அமைக்கும்போது செய்யும் சின்னத் தவறுகளால்தான் பெரும்பாலும் வருமானம் நின்றுபோகிறது.

விளம்பரம் ஓடுகிறது, ஆனால் காசு இல்லை

உங்கள் வீடியோவில் விளம்பரம் தெரிகிறது என்பதால் மட்டும் உங்களுக்கு வருமானம் வருகிறது என்று கொள்ளக்கூடாது. கூட்டாளர் திட்டத்தில் சேராத சேனல்களின் வீடியோவிலும் விளம்பரம் போட யூடியூபுக்கு உரிமை உண்டு. இலங்கை உட்பட அமெரிக்காவுக்கு வெளியே 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள சேவை நிபந்தனைகள் அதை அனுமதிக்கின்றன. அப்படி வரும் காசில் சேனலுக்குப் பங்கில்லை. புதிதாகத் தொடங்கிய பல கோயில், பாடசாலைச் சேனல்களின் நிலைமை இதுதான்.

விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையோ, கடந்த 90 நாளில் 1 கோடி ஷோர்ட்ஸ் பார்வையோ இருக்கவேண்டும். 500 சப்ஸ்கிரைபரோடு உள்ளே விடும் தாழ்ந்த படி ஒன்றும் உண்டு. அதில் கிடைப்பது பார்வையாளர் நேரடியாகக் காசு தரும் சுப்பர் சாட், மெம்பர்ஷிப் போன்றவை மட்டும். விளம்பரக் காசு அந்தப் படியில் வராது.

4,000 மணிநேரக் கணக்கில் சேராதவை: பிரைவேட் வீடியோ, லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் வீடியோ, அழித்த வீடியோ, காசு கட்டி விளம்பரப்படுத்திப் பெற்ற பார்வை, ஷோர்ட்ஸ் ஃபீடில் வந்த பார்வை. இந்தப் பட்டியலில் எம்பெட் இல்லை. பொது வீடியோவைத் தளத்தில் ஒருவர் தானாகத் தொட்டு ஓடவிட்டுப் பார்த்தால் அந்த நேரம் கணக்கில் சேரும். வகுப்பு நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாணவர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று வீடியோவை அன்லிஸ்டட் ஆக்கித் தளத்தில் எம்பெட் செய்தால் வீடியோ ஓடும், பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள், தகுதிக் கணக்கில் ஒரு நிமிடமும் ஏறாது. 55 சதவீதப் பங்கும் பொது வீடியோக்களுக்கு என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது.

விண்ணப்பித்தபின் பரிசீலனைக்குச் சுமார் ஒரு மாதம் எடுக்கும். நிராகரித்தால் 21 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அல்லது 30 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். இரண்டாவது முறையும் நிராகரிக்கப்பட்டால் காத்திருப்பு 90 நாளாகிறது. மற்றவர்களின் துண்டுகளை ஒட்டி, குரல்கூடச் சேர்க்காமல் போடும் சேனல்கள் இந்தக் கட்டத்தில்தான் விழுகின்றன.

எந்த ஓட்டம் கணக்கில் சேரும்

பார்வையாளர் யூடியூப் பிளேயரின் சொந்தப் பிளே பட்டனைத் தொடவேண்டும். இந்தச் சேவையில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். பிளேயரைத் தளங்களில் பொருத்துபவர்களுக்கான ஐஃப்ரேம் ஏபிஐ ஆவணத்தில் யூடியூப் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது: பிளேயரின் சொந்தப் பட்டனால் தொடங்கிய ஓட்டம் மட்டுமே அதிகாரபூர்வப் பார்வை எண்ணிக்கையில் சேரும். பக்கம் திறந்ததும் தானாக ஓடும் ஆட்டோப்ளே எம்பெட் அந்த எண்ணிக்கையைக் கூட்டாது. பார்வையே ஏறாத ஓட்டத்தை நம்பி விளம்பர வருமானத்தை எதிர்பார்க்க இடமில்லை. ஆகவே எம்பெட் முகவரியின் பின்னால் ஆட்டோப்ளே=1 என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் அமைப்புகளில் “வீடியோவைத் தானாக ஓடவிடு” என்ற தெரிவு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

ஆட்டோப்ளேயை யாரும் வேண்டுமென்றே போடாத தளங்களிலும் இதே சிக்கல் வரும் வழி ஒன்று உண்டு: வேர்ட்பிரஸில் பக்கம் விரைவாகத் திறக்கச் சேர்க்கும் வேகப் பிளகின்கள். எம்பெட் செய்த யூடியூப் பிளேயர் பக்கத்தைக் கனக்கச் செய்யும் என்பது உண்மை. டேட்டா பெக்கேஜில் போன் பார்க்கும் வாசகருக்குப் பக்கம் மெதுவாகத் திறக்கும். அதனால் வேகப் பிளகின்கள் உண்மையான பிளேயருக்குப் பதிலாக வீடியோவின் முகப்புப் படத்தையும் அதன்மேல் ஒரு போலிப் பிளே பட்டனையும் மட்டும் வைக்கின்றன. வாசகர் அதைத் தொட்டதும் பிளேயரைக் கொண்டுவந்து, அதற்குள் ஆட்டோப்ளே=1 சேர்த்து ஓடவிடுகின்றன. வாசகரின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யூடியூபின் பக்கம் இருந்து பார்த்தால் அவர் தொட்டது அதன் பட்டனை அல்ல.

சோதிக்க ஒரு வழி சொல்கிறோம். கணினியில் பக்கத்தைத் திறந்து, வீடியோவின்மேல் வலப்பட்டனை அழுத்துங்கள். யூடியூபின் கறுப்பு மெனு வந்தால் உண்மையான பிளேயர். படத்தைச் சேமிக்கச் சொல்லும் சாதாரண பிரவுசர் மெனு வந்தால் அது வெறும் படம், பிளகின் வேலை செய்கிறது. வீடியோ வருமானம் முக்கியமான பக்கங்களில் இந்த மாற்றுப் படத்தை அணைத்துவிட்டு, ஐஃப்ரேம் எனப்படும் எம்பெட் கோடுக்கு லேசி லோடிங் மட்டும் வையுங்கள். வாசகர் வீடியோவை நெருங்கும்போதுதான் பிளேயர் இறங்கும், பட்டனும் யூடியூபின் சொந்தப் பட்டனாகவே இருக்கும். கொஞ்சம் வேகம் குறையும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. சேனல் இன்னொருவருடையது என்றால் மாற்றுப் படத்தையே வைத்திருங்கள், உங்கள் தளத்துக்கு அதனால் நட்டமில்லை.

பிளேயரின் அளவுக்கும் விதி உண்டு. குறைந்தது 200க்கு 200 பிக்சல். 16:9 வீடியோவுக்கு 480க்கு 270ஐ யூடியூப் பரிந்துரைக்கிறது. ஷெயார் பட்டனில் வரும் கோட் 560க்கு 315ஆக இருக்கும். கணினியில் இதெல்லாம் சிக்கலில்லை. போனில் கணக்குப் பாருங்கள்: 360 பிக்சல் அகலத் திரை, தீம் இருபக்கமும் 16 பிக்சல் இடம் விடுகிறது, மிஞ்சுவது 328. அதற்கு 16:9 உயரம் 184.5. விதி கேட்கும் 200ஐ விடக் குறைவு. பிளேயருக்குக் குறைந்தபட்ச உயரம் 200 என்று, பக்கத்தின் அளவுகளைத் தீர்மானிக்கும் சீஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும், அவ்வளவுதான். பக்கத்தைக் கீழே தள்ளும்போது மூலைக்குச் சுருங்கி மிதக்கும் பிளேயர்கள் போனில் இந்த அளவைவிடக் கட்டாயம் சிறிதாகிவிடும். அவற்றை வைக்கவே வேண்டாம்.

பிளேயரின் எந்தப் பகுதியையும் எதுவும் மறைக்கக்கூடாது. நம் தமிழ்ச் செய்தித் தளங்களில் அதிகம் மீறப்படும் விதி இதுவாகத்தான் இருக்கும். “எங்கள் வட்ஸ்அப் குழுவில் இணையுங்கள்” என்று அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பச்சைப் பட்டை பிளேயரின் கீழ்ப்பாதியை மூடிவிடுகிறது. சில தளங்கள் தங்கள் லோகோவையே வீடியோவின் மூலையில் மிதக்கவிடுகின்றன. விளம்பரத்தைத் தாண்டிப்போகும் ஸ்கிப் பட்டன் வலது கீழ் மூலைப் பக்கம் இருப்பதால், அந்த இடத்தில் மிதக்கும் எதுவும் வாசகரைக் கோபப்படுத்தும். பட்டை வேண்டுமென்றால் மேலே வையுங்கள்.

ஓடவே ஓடாத எம்பெட்

பிழைச் செய்தியைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். வேறு தளங்களில் ஓட உரிமையாளர் தடை செய்திருக்கிறார் என்று வந்தால், ஏபிஐயில் அது 101 அல்லது 150. உங்கள் வீடியோவென்றால் சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் விவரப் பக்கத்தைத் திறந்து, கீழே “மேலும் காட்டு” பகுதிக்குள் எம்பெட் அனுமதிக்கும் பெட்டியில் சரி போடுங்கள். 100 என்றால் வீடியோ அழிக்கப்பட்டிருக்கிறது அல்லது பிரைவேட். வயதுக் கட்டுப்பாடு விழுந்த வீடியோ பெரும்பாலான வெளித் தளங்களில் ஓடாது. போர்க்காலக் காட்சிகள் உள்ள ஆவணப்படங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, விளம்பரமும் அவற்றுக்குக் குறையும்.

153 புதியது, அதனால் பலரைத் திணறடிக்கிறது. 2025இன் பிற்பகுதியிலிருந்து பரவலாகத் தென்படுகிறது. எந்தத் தளத்திலிருந்து பிளேயர் அழைக்கப்படுகிறது என்று சொல்லும் ரெஃபரர் தகவல் யூடியூபுக்குப் போய்ச் சேராவிட்டால் இந்தப் பிழை வரும். பாதுகாப்புப் பிளகின் ஏதாவது தளத்தின் ரெஃபரர் கொள்கையை “நோ-ரெஃபரர்” என்று வைத்திருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். அதை “ஸ்ட்ரிக்ட்-ஒரிஜின்-வென்-குரொஸ்-ஒரிஜின்” என்று மாற்றினால் வீடியோ மீண்டும் ஓடும். யூடியூப் இப்போது தரும் எம்பெட் கோடில் இந்தச் சொற்றொடர் ஏற்கெனவே இருக்கிறது. சில வருடம் முன் கொப்பி செய்துவைத்த பழைய கோடை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை புதிதாக எடுத்துக்கொள்வது நல்லது.

தளத்தின் சொந்த விளம்பரம்: எங்கே வரம்பு

பிளேயருக்குள் பங்கில்லை, சரி. பிளேயரைச் சுற்றி என் பக்கத்தில் கூகுளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸ் போடலாமா, செட்டியார் தெரு நகைக்கடையின் பதாகையை விற்கலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. போடலாம், ஆனால் யூடியூபின் சேவை நிபந்தனைகள் ஒரு கோடு கிழித்திருக்கின்றன. யூடியூப் உள்ளடக்கம் மட்டுமே உள்ள பக்கத்திலோ, வாசகர் வருவதற்கு யூடியூப் வீடியோவே முதன்மைக் காரணமான பக்கத்திலோ விளம்பரம் விற்கக்கூடாது. வீடியோ உங்கள் சேனலுடையதா மற்றவருடையதா என்று அந்த வரி பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அட்சென்ஸ் பக்கத்திலும் இதற்கு ஒத்த விதி இருக்கிறது. மற்றவர்களின் உள்ளடக்கத்தை எம்பெட் செய்தோ கொப்பி செய்தோ போட்டு, அதற்குமேல் விளக்கமோ தேர்ந்து தொகுப்பதோ வேறு பயனோ சேர்க்காத பக்கத்தில் கூகுள் விளம்பரம் காட்டக்கூடாது. 2018இல் அட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டபின் தொடங்கிய தளங்களில், தலைப்பு ஒன்று, வீடியோ ஒன்று, “முழு வீடியோவையும் பாருங்கள்” என்று ஒரு வரி என இருக்கும் பக்கங்கள் ஏராளம். அட்சென்ஸ் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு அப்படிப்பட்ட பக்கங்களே போதும்.

வீடியோவை எடுத்துவிட்டுப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள், வந்தவருக்கு ஏதாவது கிடைக்கிறதா? நாங்கள் சொல்லும் அளவுகோல் இதுதான். ஒடியல் கூழ் பக்கம் என்றால் மா எவ்வளவு, எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எந்த மீன் எப்போது போடவேண்டும் என்று எழுத்தில் இருக்கவேண்டும். ஓ/எல் கணிதப் பக்கம் என்றால் வினாவும் படிப்படியான விடையும் வேண்டும். ஆடிவேல் பக்கம் என்றால் தேர் புறக்கோட்டையிலிருந்து புறப்படும் நேரம், பம்பலப்பிட்டிக்கு வந்து சேரும் நேரம், காலி வீதியில் போக்குவரத்து மாறும் இடங்கள். இப்படி எழுதிய பக்கம் தேடலிலும் மேலே வரும், வீடியோவுக்கும் ஆளைக் கொண்டுவரும்.

விளம்பரப் பெட்டியைப் பிளேயரோடு ஒட்டி வைக்காதீர்கள். பிளே பட்டனைத் தொடப்போன விரல் விளம்பரத்தைத் தொட்டால் அது தவறுதலான கிளிக், கூகுள் அதைக் கழித்துவிடும், தொடர்ந்தால் கணக்கே போகும். இடையில் குறைந்தது ஒரு பந்தி இருக்கட்டும். “வீடியோவைப் பார்க்க முன் இந்த விளம்பரத்தைப் பாருங்கள்” என்று பிளேயரின்மேல் உள்ளூர்க் கடையின் விளம்பரத்தை ஓடவிடும் ஸ்கிரிப்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. அவை நேரடி மீறல், தொடவே வேண்டாம்.

கொழும்புச் சிறு சேனலுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வழி வேறு: அனுசரணையாளரை வீடியோவுக்குள்ளேயே கொண்டுவாருங்கள். வெள்ளவத்தைப் புடவைக்கடை ஒன்று காசு தருகிறதென்றால், தொகுப்பாளர் வாயால் சொல்லலாம், அல்லது தொடக்கத்தில் 5 செக்கனுக்கு மேற்படாத அசையாத அனுசரணை அட்டை போடலாம். ஏற்றும்போது கட்டணம் பெற்ற விளம்பரம் உண்டு என்ற பெட்டியில் சரி போடவேண்டும். கடை தானே தயாரித்த முழு விளம்பரப் படத்தை நடுவில் செருக யூடியூப் அனுமதிப்பதில்லை. இந்த வழியின் பெரிய பலம், அனுசரணை வீடியோவோடு கூடவே பயணிக்கும். யார் எம்பெட் செய்தாலும், மாற்றுப் படம் வழியாக ஓடினாலும், கடைக்குச் சொன்னது நடந்துவிடும். காசும் பார்வை எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல, நீங்களும் கடைக்காரரும் பேசி முடிவு செய்ததுதான்.

காசு வேறு கைக்குப் போகும் இடங்கள்

கோயில் திருவிழா வீடியோக்களில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டு ஒன்றை வாசித்துவிட்டால், உரிமையுள்ள பாட்டுகளைக் கண்டறியும் யூடியூபின் கொன்டென்ட் ஐடி அமைப்பு அந்த மெட்டைக் கண்டுபிடித்து உரிமை கோரக்கூடும். அப்போது வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். எம்பெட் மூலம் வந்ததும் அதில் அடக்கம். பிழையான கோரிக்கை என்று நிச்சயமாகத் தெரிந்தால் 5 நாளுக்குள் மறுப்புப் போடுங்கள். அப்படிச் செய்தால் கோரிக்கை வந்த முதல் நாளிலிருந்தே காசு ஒதுக்கிவைக்கப்பட்டு, கடைசியில் யார் பக்கம் தீர்ப்பாகிறதோ அவருக்குப் போகும். 5 நாள் கடந்தால் மறுப்புப் போட்ட நாளிலிருந்துதான் ஒதுக்குவார்கள். உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. கோரிக்கை சரியென்றால், ஸ்டூடியோவிலேயே அந்தத் துண்டை வெட்டிவிடலாம், அல்லது பாட்டின் ஒலியை மட்டும் அணைத்துவிடலாம்.

சிறுவர் பாடல், கதை வீடியோக்களுக்குத் தனிநபர் விருப்பத்துக்கேற்ற விளம்பரம் வராது, அதனால் வருமானம் குறையும். சிறுவருக்கானது என்று குறிக்காமல் விடுவது அதற்குத் தீர்வல்ல, அது விதிமீறல். தனியுரிமைப் பயன்முறையில், அதாவது நோ-குக்கி முகவரியில் எம்பெட் செய்தாலும் அதேபோல் பொதுவான விளம்பரம்தான் ஓடும். வாசகரின் தனியுரிமையை மதிக்கும் தளங்கள் அதைத் தெரிந்துகொண்டே தெரிவு செய்கின்றன, நல்ல தெரிவுதான்.

வீடியோ 8 நிமிடம் அல்லது அதற்குமேல் என்றால் இடையிலும் விளம்பரம் வைக்கலாம். எம்பெட் பக்கத்தில் வாசகர் பொறுமை குறைவு. தானாக விழும் இடைவெளிகளை ஸ்டூடியோவில் பார்த்து, பேச்சு நடுவில் வெட்டுபவற்றை நகர்த்திவிடுங்கள்.

எந்தத் தளத்தில் எவ்வளவு ஓடியது என்பதை ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில், விரிவான பார்வைக்குள், “ஓட்டப்பட்ட இடம்” என்ற அறிக்கையில் பார்க்கலாம். வெளித் தளங்கள் என்ற வரியைத் திறந்தால் தளங்கள் வரிசையாக வரும். “வெளியிலிருந்து வந்த பார்வை” என்ற அறிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் லிங்கைத் தொட்டு யூடியூபுக்குப் போனவர்களும் கலந்திருப்பார்கள்.

காசு கொழும்புக்கு வந்து சேர்வது

வருமானம் 10 டொலரைத் தாண்டியதும் முகவரியை உறுதிசெய்யும் பின் இலக்கத்தைக் கூகுள் சாதாரண தபாலில் அனுப்பும். வர 2 முதல் 4 வாரம். முகவரியைத் தபால்காரர் கண்டுபிடிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதுங்கள்: வீட்டு இலக்கத்தின் உப இலக்கம், ஒழுங்கை, மாடிக் கட்டடமென்றால் தளமும் வீட்டு எண்ணும். தபால் குறியீடு ஐந்து இலக்கம். வெள்ளவத்தைக்கு 00600, கொட்டாஞ்சேனைக்கு 01300. கொழும்பு 6 என்பதை நினைத்து வெறும் 6 என்று மட்டும் போடாதீர்கள். 4 மாதத்துக்குள் பின்னைப் பதிக்காவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். வராவிட்டால் மாற்றுப் பின் கேட்கலாம், அதுவும் வராமல் போனால் அடையாள ஆவணம் காட்டி உறுதிசெய்யும் வழி உண்டு.

பெயர்தான் தமிழர்களுக்கு அதிகம் இடிக்கும் இடம். வங்கிக் கணக்கில் முதலெழுத்துகளோடு இருக்கும், தேசிய அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் இருக்கும், அட்சென்ஸில் ஆள் தன் பெயரை மட்டும் போட்டிருப்பார். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் அடையாள உறுதிப்படுத்தலில் ஒருமுறையும், வங்கியில் காசு வந்து நிற்கும்போது இன்னொருமுறையும் மாட்டிக்கொள்வீர்கள். கணக்குத் திறக்க முன்பே அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலை எல்லா இடத்துக்கும் பொதுவாக்குங்கள்.

100 டொலர் சேர்ந்தால்தான் காசு அனுப்பப்படும். தளத்தின் அட்சென்ஸ் வருமானத்துக்கும் யூடியூப் வருமானத்துக்கும் கொடுப்பனவுக் கணக்கு தனித்தனி, 100 டொலர் வரம்பும் தனித்தனி. இரண்டிலும் 60, 60 இருந்தால் இரண்டுமே நகராது. ஒரு மாத வருமானத்தின் இறுதித் தொகை அடுத்த மாதம் 7க்கும் 12க்கும் இடையில் கணக்கில் தெரியும், 21க்கும் 26க்கும் இடையில் அனுப்பப்படும். வங்கி மாற்றலுக்கு ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்தில் வேண்டும். வழியிலுள்ள இடைநிலை வங்கியும் உங்கள் வங்கியும் கழிப்பது ஒவ்வொரு முறையும் நடக்கும். ஆகவே மாதம் 100ஐ ஒட்டி வருபவர்கள் கொடுப்பனவு அமைப்பில் வரம்பை உயர்த்தி, சில மாதக் காசை ஒரே முறையில் எடுப்பது இலாபம். தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு இருந்தால் டொலராகவே வைத்திருக்கலாம்.

அட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால்தான் பெரிய நட்டம். ஒரு மாதம் 200 டொலர் வந்து, அதில் 30 டொலர் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து என்று வையுங்கள். அமெரிக்கர் அல்லாத தனிநபர் நிரப்பும் அந்த டபிள்யூ-8பென் படிவத்தைக் கொடுக்காதவருக்கு முழு 200லும் 24 சதவீதம், அதாவது 48 டொலர் வரை பிடிப்பார்கள். படிவம் கொடுத்து ஒப்பந்தச் சலுகை கேட்காவிட்டால் 30இல் 30 சதவீதம், 9 டொலர். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தின் ரோயல்டி வீதமான 10 சதவீதத்தைக் கோரினால் 3 டொலர். கோருவதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும். அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இணையம் வழியாகப் பெறலாம், நேரில் என்றால் கொழும்பு 2இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமையகம். படிவத்தில் பெயர் மறுபடியும் அடையாள அட்டையில் உள்ளபடிதான்.

உள்ளூர் வரியும் உண்டு. வெளிநாட்டுக்கு வழங்கிய சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு முன்பு இருந்த விலக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கிவிட்டது, அதற்கான உச்ச வீதம் 15 சதவீதம். தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. வங்கியிலிருந்து ஒவ்வொரு வரவுக்கும் வரும் அறிவித்தலையும், அதே மாத அட்சென்ஸ் ரசீதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்காளர் முதலில் கேட்பது அவற்றைத்தான். டபிள்யூ-8பென் படிவம் கையொப்பமிட்ட ஆண்டுக்குப் பின்வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். அதற்குமுன் புதிதாக நிரப்பாவிட்டால் பிடிப்பு மறுபடி உயர் வீதத்துக்குப் போய்விடும்.